மரத்துக்கு எக்ஸ்ரே: நிழல் எடையைச் சொல்லும், வலிமையைச் சொல்லாது

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் விலைக்கு வரும்போது, வாங்குகிறவர் செய்வது இரண்டே வேலை. நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பார். கோடாலியின் பின்பக்கத்தால் தட்டி ஓசை கேட்பார். சேலத்து மரக்கடைகளில் தேக்குத் தடிக்கும் ஏறக்குறைய இதே சோதனைதான். உள்ளே பொந்து உண்டா, வைரம் (நடுவில் உள்ள கெட்டி மரம்) எவ்வளவு, அறுத்த பலகை முறுக்கிக்கொள்ளுமா என்பதெல்லாம் ரம்பம் இறங்கிய பிறகே தெரியும். அதனால் "மனுஷனுக்கு எடுக்கிற மாதிரி மரத்துக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் பாதி தவறு. ஸ்கேன் செய்தால் தேக்கா இல்லையா என்று தெரிந்துவிடும், பளிச்சென்று தெரிவது நல்ல மரம், கருப்பாகத் தெரிவது கெட்ட மரம், பலகையின் வலிமை எண்ணாகவே வந்துவிடும் என்பவை அந்த வகை.

கருவி நேரடியாக அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: கதிர் போன பாதையில் எவ்வளவு பொருள் குறுக்கே இருந்தது. மற்றதெல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்து நாம் செய்யும் ஊகம். ஊகம் எங்கே நிற்கும், எங்கே சறுக்கும் என்பதுதான் இங்கே விஷயம்.

பாதியாகும் தடிமன்

ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது, மூடிய மரப்பெட்டிக்குள் இருந்த எடைக்கற்களைப் படமெடுத்துக் காட்டினார். அந்தப் படத்தில் மரம் ஒரு பொருட்டே இல்லை; கதிர் அதைத் தாண்டிப் போய் உலோகத்தில்தான் நின்றது. மரத்தையே பார்க்க வேண்டுமென்றால், மரத்தில் கொஞ்சம் நின்று கொஞ்சம் போகிற கதிராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு கதிரின் வலு எத்தனை தடிமன் மரத்தைக் கடந்தால் பாதியாகிறதோ, அதைப் 'பாதியாகும் தடிமன்' என்று வைத்துக்கொள்வோம். கன செ.மீ.க்கு 0.65 கிராம் அடர்த்தியுள்ள காய்ந்த தேக்குக்குக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

1. கதிரின் ஆற்றல் 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்றால், 2.7 மி.மீ.
2. 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்றால், 3.3 செ.மீ.
3. 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்றால், 5.5 செ.மீ.
4. இரும்பு வெல்டிங்கைச் சோதிக்கப் பயன்படும் இரிடியம்-192 காமா கதிர் என்றால், 10 செ.மீ. சுமார்.

கருவியின் பலகையில் '60 கிலோவோல்ட்' என்று காட்டினால், வெளியே வரும் கதிரெல்லாம் 60இல் இருப்பதில்லை. அது உச்சவரம்பு மட்டும். சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் இருக்கும். கணக்குப் போடுகிறவர்கள் இங்கே அடிக்கடி தவறுகிறார்கள்.

இனி 2 மி.மீ. தடிமனுக்குச் சீவிய ஒரு தேக்குச் சிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் உள்ள மென்மையான பகுதியின் அடர்த்தி 0.45, கடைசியில் உள்ள கெட்டிப் பகுதி 0.9 என்று கொள்வோம். 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் படமெடுத்தால் மென்பகுதி வழியே 70 சதவீதக் கதிர் போகும், கெட்டிப் பகுதி வழியே 49 சதவீதம். படத்தில் வளையம் வளையமாக, எண்ணிவிடலாம் போலத் தெரியும். அதே சிம்பை 60இல் எடுத்தால் 98.3க்கும் 96.6க்கும் உள்ள வித்தியாசம்தான். வெள்ளைத்தாள் மாதிரி ஒரு படம் வரும்.

பெரிய தடிக்கு நிலைமை தலைகீழ். அரை மீட்டர் குறுக்களவுள்ள பச்சைத் தடியில் பாதியாகும் தடிமன், 60இல் சுமார் 3.5 செ.மீ. கதிர் பதினான்கு முறை பாதியாக வேண்டும். 16,384இல் ஒரு பங்குதான் மறுபக்கம் வந்து சேரும். ஆகவே பெரிய அறுவை ஆலைகளில் தடியை முழுதாகப் பார்க்கும் கருவிகள் 100 கிலோவோல்ட்டுக்கு மேல் ஓடுகின்றன.

வெல்டிங் சோதனை செய்கிறவரிடமே கேட்டுவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. சேலம் போன்ற இரும்பு வேலை நிறைந்த ஊரில் அந்த ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் இரிடியம் கதிருக்கு மரம் கிட்டத்தட்ட கண்ணாடி. ஐந்து செ.மீ. பலகைக்குள் 5 மி.மீ. பொந்து இருந்தால், 30இல் அந்த இடத்தில் 11 சதவீதம் கூடுதல் கதிர் போகும். இரிடியத்தில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த வேலைக்கு அது கருவியில்லை.

மரத்தில் என்ன இருக்கிறது

எடைக்கணக்கில் மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன், 43 சதவீதம் ஆக்சிஜன், 6 சதவீதம் ஹைட்ரஜன். எந்த மரமானாலும் இதுதான். வேம்பு, தேக்கு, சில்வர் ஓக், இறக்குமதிப் பைன் எல்லாவற்றிலும் செல்சுவரின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராம் அளவில்தான் நிற்கிறது. மரத்துக்கு மரம் மாறுவது சுவரின் பங்கும் காற்றின் பங்கும். அடுப்பில் உலர்த்திய தேக்கின் அடர்த்தி 0.6 என்றால், 0.6ஐ 1.5ஆல் வகுக்க 0.4. அதாவது அந்தத் தேக்கில் 60 சதவீதம் வெற்றிடம்.

எக்ஸ்ரே நிழலை வைத்து மர இனத்தைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே. ஒரே அணுக்கள், ஒரே சுவர். ஒரே அடர்த்தியுள்ள இரண்டு மரம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் விழும். இனம் காண வேண்டுமென்றால் துளைகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். அதைக் காண நுண் சிடி ஸ்கேனர் உதவும், உண்மைதான். பலகையின் முனையைக் கூரான பிளேடால் ஒரு சீவு சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் கையளவு லென்ஸை வைத்தாலும் அதே துளைகள் தெரியும். கடையில் கட்டில் வாங்குகிறவருக்கு இரண்டாவதே போதும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசின் தரம் பார்க்கும் 'டச்' இயந்திரமும் எக்ஸ் கதிரில்தான் ஓடுகிறது. ஆனால் அது நிழலைப் பிடிப்பதில்லை. கதிர் பட்ட வெள்ளியும் செம்பும் தமக்கே உரிய கதிரைத் திருப்பி உமிழ்கின்றன. அதை எண்ணித்தான் எத்தனை சதவீதம் வெள்ளி என்று சொல்கிறது. மரத்தை அதில் வைத்தால் கார்பனும் ஆக்சிஜனும் உமிழ்வது அதன் கண்ணுக்கே படாது. ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் பயன் உண்டு: கறையான் வராமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரம். கனமான அணுக்கள் என்பதால் அவை டச் இயந்திரத்திலும் தெரியும், எக்ஸ்ரே படத்திலும் பளிச்சென்று தெரியும். மருந்து பலகைக்குள் எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்று பார்க்க வெட்டிய முகத்தைப் படமெடுப்பது நம்பகமான வழி.

ஈரம் என்னும் வில்லன்

எக்ஸ் கதிருக்குத் தண்ணீரும் செல்சுவரும் ஏறக்குறைய ஒன்று. ஒரு கிராம் மரம் எவ்வளவு கதிரை நிறுத்துமோ, ஒரு கிராம் தண்ணீரும் அதை ஒட்டியே நிறுத்தும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் படம் பார்க்கிறவர் நிச்சயம் ஏமாறுவார்.

ஈரப்பதம் என்பது மரத்தின் உலர் எடையோடு ஒப்பிட்டுத் தண்ணீரின் எடை. நூறு கிலோ உலர் மரத்தில் அறுபது கிலோ தண்ணீர் இருந்தால் ஈரப்பதம் 60. நூறைத் தாண்டுவதும் உண்டு. இப்போது ஒரே தடியில் இரண்டு இடங்களைப் பாருங்கள்:

1. நல்ல பகுதி: உலர் அடர்த்தி 0.60, ஈரப்பதம் 60 சதவீதம். மொத்தம் 0.60 × 1.6 = 0.96.
2. பூஞ்சை தின்று மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போன பகுதி: உலர் அடர்த்தி 0.42, பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி ஈரப்பதம் 130 சதவீதம். மொத்தம் 0.42 × 2.3 = 0.966.

படத்தில் இரண்டும் ஒரே நிறம். ஒன்று வீட்டு உத்தரமாகும், மற்றொன்று விறகுக்குக்கூடச் சுமார். பூஞ்சைத் தாக்குதலின் தொடக்கக் கட்டத்தில் எடையில் பத்து சதவீதம்கூடக் குறைந்திருக்காது. ஆனால் திடீர் அடியைத் தாங்கும் திறனில் பாதி போயிருக்கும். நிழலில் பத்து சதவீதத்தைத் தேடுகிறவர் வலிமையில் ஐம்பதைத் தவறவிடுகிறார்.

பைன் போன்ற ஊசியிலை மரங்களில் வைரம் ஓரளவு காய்ந்தும், வெளியே உள்ள வெள்ளை மரம் தண்ணீர் நிறைந்தும் இருக்கும். பச்சைத் தடியைப் படமெடுத்தால் வெள்ளைதான் கெட்டியாகத் தெரியும். மரக்கடைக்காரரின் அனுபவத்துக்கு நேர் எதிர்.

ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு. தண்ணீரின் எடையைக் கதிர் எண்ணுவதால், ஒரே பலகையை ஒரே இடத்தில் வைத்து உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எங்கிருந்து எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று வரைபடமே கிடைக்கும். மரம் 30 சதவீதத்துக்குக் கீழே காயும்போது சுருங்கத் தொடங்குவதால் இரண்டு படமும் துல்லியமாக ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. ஓரத்தில் ஆணி முனையால் நாலு அடையாளம் வைத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும். மலைக்கும் சமவெளிக்கும் இடையே இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியல்ல. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் நிற்கும் ஏற்காட்டு மழைக்கால நாளில் மரம் 16 சதவீத ஈரத்தில் அமைதியாகிவிடும். 40 சதவீதக் காற்றுள்ள சேலத்துக் கோடையில் 7 அல்லது 8க்கு இறங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பலகை, ஆசாரியின் பட்டறையில் வைத்து இழைத்த பிறகும் சுருங்கிக்கொண்டிருப்பதற்கு வேறு மர்மமில்லை.

எந்தக் கருவி, எவ்வளவு நுணுக்கம்

சாதாரணப் படம் ஒரு நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று விழும். சிடி ஸ்கேன் என்பது சுற்றிலும் பல நூறு கோணங்களில் நிழல் எடுத்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் கணக்கிடுவது. மருத்துவமனை சிடியில் ஒரு புள்ளி அரை மி.மீ. அளவு. கணு, பொந்து, வெடிப்பு, ஆண்டு வளையம் தெரியும். தேக்கின் பெரிய துளையே 0.3 மி.மீ.தான் என்பதால் துளை தனித்துத் தெரியாது.

மருத்துவ சிடி எண்ணில் காற்று மைனஸ் 1000, தண்ணீர் பூஜ்யம். காய்ந்த தேக்கு மைனஸ் 400ஐ ஒட்டி வரும். கணு பூஜ்யத்தை நெருங்கும். பச்சைத் தடியைப் பார்த்தால் கிட்டத்தட்ட மனித உடலின் எண்கள்தான். நடைமுறைத் தடை வேறு: பல ஸ்கேனர் மேசைகள் 200 கிலோ அளவில்தான் தாங்கும். அரை மீட்டர் குறுக்களவில் ஒரு மீட்டர் நீளமுள்ள பச்சைத் தடி 196 கிலோ. மண்ணும் எறும்பும் வேறு. அந்த அறைக்கு மரம் போகவேண்டுமென்றால் காய்ந்த சிறு துண்டாக, பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் போகவேண்டும்.

நுண் சிடியில் ஒரு எளிய விதி உண்டு. படம் பிடிக்கும் தட்டில் குறுக்கே 2000 புள்ளி இருந்தால், 20 மி.மீ. துண்டுக்குப் புள்ளி 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2 மி.மீ. துண்டுக்கு 1 மைக்ரான். நார்ச்செல்லின் குறுக்களவு 20, 30 மைக்ரான், சுவர் சில மைக்ரான். ஆகவே செல்சுவர் வரை போகவேண்டுமென்றால் துண்டு அரிசி அளவுக்குச் சுருங்கிவிடும். அரிசியளவு துண்டு ஒரு மரத்தைப் பிரதிநிதித்துவம் செய்யுமா என்பது அடுத்த கேள்வி. இந்தூரில் உள்ள இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில் (எலெக்ட்ரானை வட்டமாகச் சுழற்றி எக்ஸ் கதிர் உண்டாக்கும் பெரிய இயந்திரம்) இதற்கென்றே ஒரு படமெடுப்புக் கதிர்வழி இருக்கிறது. வலுவான கதிர் என்பதால் நேரம் குறையும். துண்டின் அளவுப் பிரச்சினை அங்கேயும் அப்படியே.

படம் ஏமாற்றும் ஐந்து இடங்கள்

1. கணு. கிளை புறப்பட்ட இடம் சுற்றியுள்ள மரத்தைவிட அடர்த்தி, படத்தில் பளபளக்கும். ஆனால் அங்கே ரேகை, அதாவது நார் ஓடும் திசை, வளைந்து ஓடுவதால் பலகை முறிவது அங்கேதான். 'வெள்ளையாகத் தெரிந்தால் பலம்' என்று படிப்பவர் பலவீனமான இடத்துக்கு முதல் மதிப்பெண் போடுகிறார்.

2. வெடிப்பின் திசை. ஐந்து செ.மீ. பலகைக்குள் 0.3 மி.மீ. அகலமும் 3 செ.மீ. ஆழமும் உள்ள வெடிப்பு இருக்கிறது. கதிர் அந்த ஆழத்தின் வழியே நேராகப் போனால், ஐந்தில் மூன்று செ.மீ. காற்று, கோடு கத்தி போல் விழும். பலகையைத் திருப்பி வைத்தால், ஐம்பது மி.மீ.யில் 0.3 மி.மீ. காற்று, ஒன்றும் தெரியாது. வேகமாக உலர்த்திய கனத்த பலகையில் உள்வெடிப்பைத் தேடுகிறவர்கள் குறைந்தது இரண்டு திசையில் எடுக்க வேண்டும். ஒரு படத்தை வைத்து 'வெடிப்பே இல்லை' என்று எழுதிக் கொடுப்பது பொறுப்பற்ற வேலை.

3. நடுவில் தோன்றும் பொய்ப் பொந்து. கதிர்க் கலவையில் பலவீனமானவை தடியின் முதல் சில சென்டிமீட்டரிலேயே வடிந்துவிடும். மீதிக் கதிர் வலுவானது, சுலபமாகப் போய்விடும். சிடிக் கணக்கு இதை அறியாமல், தடியின் நடுப்பகுதி அடர்த்தி குறைந்தது என்று காட்டும். கிண்ணம் போல விளிம்பில் உயர்ந்து நடுவில் தாழும் இந்த வடிவத்தை 'நெஞ்சழுகல்' என்று படித்துவிடுவது எளிது. கதிர் வெளியேறும் வாயில் ஒரு மி.மீ. அலுமினியம் அல்லது மெல்லிய செம்புத் தகடு வைத்தால் பலவீனக் கதிர் முன்கூட்டியே வடிகட்டப்படும். பொய்யா மெய்யா என்று சோதிக்க வழி: அதே தடிமனில் சீரான பிளாஸ்டிக் உருளையை ஸ்கேன் செய்யுங்கள். அதன் நடுவிலும் தாழ்வு வந்தால் குற்றம் மரத்தில் இல்லை.

4. கணினியின் அழகுபடுத்தல். மருத்துவ டிஜிட்டல் எக்ஸ்ரேயில் விளிம்புகளைக் கூராக்கிக் காட்டும் மென்பொருள் தானாகவே ஓடும். எலும்பு பார்க்க அது நல்லது. மரத்தில் ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் இல்லாத கோடு ஒன்றை உண்டாக்கிவிடும். அளவெடுக்க வேண்டுமென்றால் அழகுபடுத்தாத மூல டைகாம் கோப்பை (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கேட்டு வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து அடர்த்தி கணக்கிட முடியாது.

5. இரும்பு. பழைய வீட்டுத் தூண், கதவு, தேர்ச் சட்டம் போன்றவற்றில் பட்டையும் ஆணியும் இருக்கும். சிடியில் இரும்பிலிருந்து நட்சத்திரம் போலக் கோடுகள் கிளம்பி அக்கம்பக்கத்து மரத்தை மறைத்துவிடும். அங்கே சாதாரண நிழற்படமே மேல். ஆணி எங்கே இருக்கிறதென்றாவது ரம்பக்காரருக்குத் தெரியும்.

அடர்த்தியிலிருந்து விறைப்புக்கு

ஒரே அடர்த்தி, ஒரே சாம்பல் நிறம், ஆனால் ஒரு பலகை வளையாமல் நிற்கிறது, இன்னொன்று தொய்கிறது. காரணம் இரண்டு. முதலாவது ரேகையின் சாய்வு: நீளவாக்கில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் ரேகை சாய்ந்தால் வளைவு வலிமையில் சுமார் 19 சதவீதம் போய்விடும், ஐந்துக்கு ஒன்று என்றால் 45 சதவீதம். அடர்த்திப் படத்தில் இரண்டுக்கும் சம மதிப்பு.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. செல்சுவரின் தடித்த நடு அடுக்கில் செல்லுலோஸ் இழைகள் கயிற்று முறுக்கைப் போலச் சுற்றிக்கொண்டு போகின்றன. மரத்தின் நீளவாக்குக்கும் அந்த இழைக்கும் உள்ள கோணம் 10, 15 பாகை என்றால் மரம் விறைப்பு. 30ஐத் தாண்டினால் சுருள்வில் மாதிரி இழுபடும். காயும்போது நீளவாக்கிலும் சுருங்கும். தடியின் நட்டநடுவான நெஞ்சை ஒட்டிய முதல் சில ஆண்டு வளையங்களில்தான் இந்தக் கோணம் பெரிது. ஊசியிலை மரங்களில் வேறுபாடு அதிகம், தேக்கு வகையில் குறைவு. பலகையின் ஒரு விளிம்பில் நெஞ்சுப்பகுதியும் மறு விளிம்பில் முதிர்ந்த பகுதியும் இருந்தால், ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கி வில்லாக வளையும். குறைந்த வயதில் வெட்டிய மரத்தில் நெஞ்சுப்பகுதியின் பங்கு கூடுதல் என்பதை விலை பேசும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தக் கோணத்தைக் காண்பதும் எக்ஸ் கதிர்தான், ஆனால் நிழல் வழியில் இல்லை. படிகங்களில் பட்டுச் சிதறும் கதிரைக் கோணம் கோணமாக எண்ணும் முறை அது. செம்பை இலக்காகக் கொண்ட எக்ஸ்ரே குழாயின் கதிரில் செல்லுலோஸின் முக்கியச் சிகரம் 22.5 பாகையை ஒட்டி வரும். துண்டைச் சுழற்றும்போது அந்தச் சிகரம் எவ்வளவு அகலமாக விரிகிறதோ, இழைகளின் கோணம் அவ்வளவு பெரிது. செல்லுலோஸில் எவ்வளவு பங்கு படிகமாக ஒழுங்குபட்டிருக்கிறது என்னும் படிகத்தன்மையைக் கணக்கிட 1959இல் ஆய்வாளர் சீகல் சொன்ன எளிய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: அதே சிகரத்தின் உயரத்திலிருந்து 18 பாகையில் உள்ள உயரத்தைக் கழித்து, சிகரத்தால் வகுப்பது. ஒப்பிட மட்டும் நம்பலாம். தனி எண்ணாகப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டறையில் இதற்கு மலிவான மாற்று இருக்கிறது. விறைப்பு என்பது அடர்த்தியை ஒலிவேகத்தால் இரண்டு முறை பெருக்கினால் வருவது. இரண்டு மீட்டர் பலகையை இரண்டு ரப்பர் துண்டின்மேல் கிடத்தி, முனையில் நீளவாக்கில் சுத்தியால் ஒரு தட்டு; மறுமுனையில் அலைபேசியில் ஒலி அதிர்வெண் காட்டும் செயலி. 1125 ஹெர்ட்ஸ் வந்தால், அதை நீளத்தின் இரு மடங்கான 4 மீட்டரால் பெருக்க, வேகம் நொடிக்கு 4500 மீட்டர். 875 வந்தால் 3500 மீட்டர். இரண்டு பலகையும் கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி என்றால், முதலாவதின் விறைப்பு 12.2 கிகாபாஸ்கல், இரண்டாவது 7.4. எக்ஸ்ரேயில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்தவை இவை.

சிம்பை முறையாக அளக்க

மரத்தை வெட்டாமல் துளைக்கருவியால் எடுத்த 5 அல்லது 12 மி.மீ. உருளையை வைத்து ஆண்டுக்கு ஆண்டு அடர்த்தி வரைபடம் போடும் முறை 1960களில் பிரான்சில் ஆய்வாளர் போல்ஜ் வளர்த்தது. கருவிகள் மாறினாலும் வேலையின் வரிசை மாறவில்லை.

1. உருளையை மரத்தாங்கியில் ஒட்டி, இரட்டை வட்ட ரம்பத்தில் 2 மி.மீ. சிம்பாக அறுக்க வேண்டும். வெட்டு நார்த்திசைக்கு நேர் செங்குத்தாக இல்லாவிட்டால் வளைய எல்லைகள் மங்கும்.
2. தடிமனை மைக்ரோமீட்டரில் பத்து இடத்தில் எடுங்கள். 2 மி.மீ.யில் 0.1 மி.மீ. வேறுபாடு அடர்த்தியில் 5 சதவீதப் பிழை. பெரும்பாலான மோசமான முடிவுகள் இந்தப் படியிலேயே பிறந்துவிடுகின்றன.
3. பிசினும் எண்ணெயும் உள்ள மரமென்றால் ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்க வேண்டும். தேக்கில் இதைத் தவிர்த்தால் வைரத்தின் அடர்த்தி கூடுதலாகப் பதிவாகும்.
4. 20 செல்சியஸ், 65 சதவீதக் காற்று ஈரத்தில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். மரம் 12 சதவீத ஈரத்தில் நிலைக்கும்.
5. பக்கத்தில், தடிமன் படிப்படியாக ஏறும் ஒப்பீட்டுப் படிக்கட்டு வேண்டும். பொறியியல் பிளாஸ்டிக் கடைகளில் உருளையாகக் கிடைக்கும் டெல்ரின் இதற்கு அருமையான பொருள். அதன் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் விகிதம் செல்லுலோஸை ஒட்டியது, அடர்த்தி 1.42. அரை மி.மீ. இடைவெளியில் நாலைந்து படி போதும். அலுமினியப் படிக்கட்டைப் போட்டால் ஆற்றல் மாறும்போதெல்லாம் ஒப்பீடும் மாறிவிடும்.
6. சிம்பைத் தட்டின்மேல் ஒட்ட வைத்துப் படமெடுங்கள். மரமே இல்லாத வெற்றுப் படம் ஒன்றும் அதே அமைப்பில் தேவை. ஒன்றை ஒன்றால் வகுத்து மடக்கை எடுத்தால்தான் சாம்பல் நிறம் எடையாக மாறும். இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும்.
7. கடைசியில் அதே சிம்பை அதே 12 சதவீத ஈரத்திலேயே தராசில் வைத்து, அப்படி எடுத்த அடர்த்தியோடு படத்தின் சராசரியை ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் நம்ப வேண்டியது தராசை.

மலையில் எதற்கெல்லாம் உதவும்

சேர்வராயன் மலையின் அராபிகா காப்பிக்குப் பெரிய எதிரி தண்டுத் துளைப்பான் வண்டு. பட்டை இடுக்கில் முட்டையிட, புழு மரத்துக்குள் குடைந்து போகும். போன வழியை மரத்தூளால் கெட்டியாக அடைத்துக்கொண்டே போகும். வெறும் பொந்தாக இருந்தால் எக்ஸ்ரேயில் சுலபம். அடைத்த தூள் ஈரமாக இருப்பதால் பச்சைத் தண்டில் குடைவு மங்கலாகவே தெரியும். வெட்டிய தண்டைச் சில நாள் நிழலில் காயவிட்டு எடுத்தால் தூளும் மரமும் பிரிந்து தெரியும். புழு எந்த உயரத்தில், எத்தனை, எந்த வயதில் இருக்கிறது என்று எண்ணும் ஆராய்ச்சிக்கு நல்ல வழி. தோட்டக்காரருக்கு இதனால் பயன் இல்லை. பட்டையில் எழும் மேடும் மஞ்சளிக்கும் இலையும் பார்த்து, வண்டு வெளிவரும் ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் பருவங்களுக்கு முன்னால் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வேலை. வெயில் விழும் செடியையே அந்த வண்டு விரும்பும் என்பதால், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை விற்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேலத்தில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருப்பதால், 'சந்தனத்தின் எண்ணெய் அளவை எக்ஸ்ரே சொல்லுமா?' என்ற கேள்வியும் வருகிறது. சொல்லாது. சந்தன எண்ணெயின் உயிரான சந்தலால், பதினைந்து கார்பன், இருபத்துநாலு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்தது. மரத்தில் இருக்கும் அதே மூன்று தனிமங்கள். கதிருக்கு அது இன்னும் கொஞ்சம் மரம், அவ்வளவே. வாசனை தெரியாத கருவி இது. கட்டைக்குள் பொந்து, பூச்சிக் குடைவு, உள்ளே மறைத்து வைத்த கல் அல்லது இரும்பு இவற்றைக் காட்டும்.

நிற்கும் சில்வர் ஓக்கைச் சரிவில் எக்ஸ்ரே எடுப்பது வீண் செலவு. பச்சை மரம், பெரிய குறுக்களவு, மேடு பள்ளம், சுற்றிலும் வேலையாட்கள். மரச்சுத்தியால் தட்டிச் சந்தேகப்பட்ட இடத்தில் 3 மி.மீ. ஊசித் துளைப்பான் இறக்கினால், உள்ளே எத்தனை செ.மீ.யில் தடை திடீரென விழுகிறது என்று தாளிலேயே வரைந்துவிடும்.

விதிகளும் ஒரு பயமும்

எக்ஸ்ரே பட்ட மரத்தில் கதிர்வீச்சு தங்குமா என்று கேட்பவர்களுக்கு: தங்காது. குழாயை அணைத்த நொடியில் கதிர் இல்லை; இந்த ஆற்றலில் மரம் கதிரியக்கமும் பெறாது. அந்தக் கட்டிலில் தாராளமாகப் படுக்கலாம்.

பயப்பட வேண்டியது குழாய் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்கு. நிழற்படம் எடுக்கும்போது மரம் கதிரை நாலாபுறமும் சிதறடிக்கும். இந்தியாவில் எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை. 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வாரியம் வைத்திருக்கும் வரம்புப்படி, கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. மருத்துவத்துக்கென்று உரிமம் பெற்ற கருவியில் மரத்தை வைப்பதற்கு முன் அந்த நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பழைய பல் மருத்துவக் கருவியை விலைக்கு வாங்கி மரக்கடைப் பின்கட்டில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஈயத் தடுப்பு இல்லாத செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது கருவிக்குத் தெரியாது.